500 யூனிட்டை ஒரு யூனிட் தாண்டினால் மின்சார பில் ஏன் இவ்வளவு எகிறுகிறது?

"போன முறை 500 யூனிட், இந்த முறை 501. பில் மட்டும் 200 ரூபாய்க்கு மேல் கூடிவிட்டது. மீட்டர் கோளாறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டர் சரிதான். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500ஐத் தாண்டினால், அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும்.

2022 செப்டம்பரில் இருந்த கட்டணத்தையே பாருங்கள்; பிறகு விலை மாறிவிட்டது. முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 500ஐத் தாண்டியவருக்கு அதே நூறும் 4.50. இதிலேயே 225 போச்சு. 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆக 1,725 ரூபாய் 1,958 ஆனது. ஒரு யூனிட்டுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கணக்கெடுத்த அன்றைய எண்ணைக் குறித்துவையுங்கள். ஐம்பதாம் நாள் மீட்டரைப் பார்த்துக் கழியுங்கள். 430 வந்தால், அதே வேகத்தில் 516இல் முடியும். மீதிப் பத்து நாளும் ஏசியை இரண்டு மணி நேரம் முன்னதாக அணைத்தால் 500க்குள் நின்றுவிடலாம்.