படத்துக்குப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது?

போட்டோவும் கதையும் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னாலும் சொன்னேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பார்ப்போம்.

கே: ஆயிரம் வார்த்தை சொல்லாததை ஒரு படம் சொல்லிவிடும் என்கிறார்களே, ஒப்புக்கொள்கிறீர்களா? (திருநெல்வேலி வாசகர்)

ப: மாட்டேன். படம் வாயில்லாப் பூச்சி. பக்கத்தில் நிற்கிறவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அதன் கதை. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரத்தியா லாங் எடுத்த படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் கை வைத்த ஒரு தாய், இரண்டு தோளிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்த பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. அரசாங்க வேலையாகச் சுற்றிவிட்டு வீட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த லாங், முகாமின் பலகையைப் பார்த்தும் நிற்காமல் 20 மைல் தாண்டிவிட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்தார். அந்தம்மாவுக்கு வயது 32 என்று குறித்துக்கொண்டார், பெயரைக் கேட்கவில்லை. உறைபனியில் பயிர் போய்விட்டது, சாப்பாட்டுக்காகக் கார் டயர்களையும் விற்றுவிட்டார்கள் என்று எழுதினார். படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9,000 கிலோ உணவு போயிற்று. அதற்குள் அந்தக் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது.

42 வருஷம் கழித்து, 1978இல்தான் அவர் பெயர் வெளியே தெரிந்தது: ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி பழங்குடிப் பெண், 1930களின் பெரும் வறட்சிக்கு முன்பே, 1920களிலேயே கலிபோர்னியா வந்தவர். அமெரிக்காவோ அவரை வறட்சியில் நிலத்தை விட்டு ஓடிவந்த வெள்ளைக்கார விவசாயிகளின் தாய் முகமாகவே வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. டயரை நாங்கள் விற்கவே இல்லை, கார் பழுதாகி அதைச் சரிசெய்ய வீட்டு ஆண்கள் டவுனுக்குப் போயிருந்தார்கள் என்றது குடும்பம். படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது அவருடைய மனத்தாங்கல். லாங் பொய் சொன்னார் என்று சொல்ல வரவில்லை, அவசரத்தில் வேறு யாரோ சொன்னதும் சேர்ந்துகொண்டிருக்கலாம். இதில் படம் என்னவோ அதே படம்தான்!

கே: ஸ்டுடியோவில் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட படங்களில் என்ன சார் கதை இருக்கிறது? (சேலம் வாசகர்)

ப: நான் இதற்கு நேர்மாறான கட்சி. தெருவில் எடுத்த படத்தில் போட்டோக்காரர் தன் கதையைச் சொல்கிறார், ஸ்டுடியோவில் நிற்கிறவர் தன் கதையைத் தானே சொல்லிக்கொள்கிறார். மாலி நாட்டின் பமாகோவில் 1948இல் ஸ்டுடியோ திறந்த செய்தூ கெய்டா என்ற போட்டோக்காரரைப் பாருங்கள். கைக்கடிகாரம், பேனா, ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் அங்கேயே தயாராக இருக்கும், வருகிறவர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஃபிலிம் விலை அதிகம் என்பதால் ஆளுக்கு ஒரே ஒரு கிளிக். முதலில் பின்னால் தொங்கியது அவருடைய சொந்தப் படுக்கை விரிப்பு, ஓரத்தில் குஞ்சம் வைத்தது. சில வருஷத்துக்கு ஒருமுறை துணி மாறும். பிற்காலத்தில், பின்னால் இருக்கும் துணியைப் பார்த்தே படம் எந்த வருஷத்தது என்று சொல்லிவிடுவாராம். நம் ஊரில் கல்யாணப் படத்தின் புடவை பார்டரை வைத்து வருஷம் சொல்லும் பெரியம்மாக்கள் இல்லையா, அதே வித்தைதான்.

வேடிக்கை என்னவென்றால் 1991இல் நியூயார்க்கில் இவருடைய படங்களைக் கண்காட்சியில் வைத்தபோது ‘போட்டோக்காரர் யார் எனத் தெரியவில்லை’ என்றுதான் எழுதி வைத்தார்கள். மனுஷன் அப்போது பமாகோவில் உயிரோடு இருந்தார்! அப்புறம் தேடிக்கொண்டு போய்க் கண்டுபிடித்தார்கள்.

அதே ஊர் மாலிக் சிடிபே, இளைஞர்களின் நடன விருந்துகளுக்குப் போய்ப் படம் எடுப்பார். வார இறுதியில் எடுத்ததைச் சின்னச் சின்னதாகப் பிரதி போட்டு அட்டையில் ஒட்டி வைத்துவிட்டால், ஆடியவர்களே வந்து தங்கள் படத்தைத் தேடிப் பிடித்து வாங்குவார்கள். 1963 கிறிஸ்துமஸ் இரவில் அவர் எடுத்த ஒரு படத்தில் நெற்றியோடு நெற்றி முட்டுகிற மாதிரி ஓர் இளைஞனும் வெறுங்காலோடு ஒரு பெண்ணும் ஆடுகிறார்கள். பார்ப்பவர் எல்லாரும் காதலர்கள் என்பார்கள். உடன்பிறந்தவர்கள்.

கே: இறந்தவர் படத்தை மாட்டி வைப்பது எல்லா நாட்டிலும் உண்டா? (நாகர்கோவில் வாசகி)

ப: இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளில் பல சமூகங்கள், ஒருவர் இறந்தால் கொஞ்ச காலத்துக்கு அவர் பெயரைச் சொல்வதில்லை, படத்தைப் பார்ப்பதும் இல்லை. அங்கே டிவியில் நிகழ்ச்சிக்கு முன்பே இதற்கென ஓர் எச்சரிக்கை போடுகிறார்கள். நைஜீரியாவின் யொருபா மக்கள் வழக்கம் வேறு. இரட்டைக் குழந்தைகள் அவர்களிடம் அதிகம், ஒன்று இறந்தால் அதற்கு ஒரு மரப்பாவை செதுக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, தாய் சீராட்டுவது பழைய முறை. கேமரா வந்த பிறகு சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? உயிரோடு இருக்கும் குழந்தையை எடுத்த படத்தையே பக்கத்தில் இன்னொரு முறை பிரதி போட்டு, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரே படமாக்கிவிட்டார்கள். இரட்டையர் ஆணும் பெண்ணுமாக இருந்தால், இருக்கிற பிள்ளைக்கு ஒருமுறை பையன் உடை, ஒருமுறை பெண் உடை. இதைப் போட்டோஷாப் மோசடி என்று யாராவது சொல்லிப் பாருங்கள், அந்தத் தாய் விடமாட்டாள்.

கே: என் போனில் 12,000 படங்கள் இருக்கின்றன. இது எத்தனை கதை? (சென்னை வாசகர்)

ப: கடைசியாக எப்போது திறந்து யாருக்காவது காட்டினீர்கள்? அத்தனை கதை.

கே: டிரங்குப் பெட்டியில் பழைய படங்கள் ஒரு கட்டு கிடைத்தது. பாதிப் பேரை யாருக்கும் தெரியவில்லை. அப்பாவின் அத்தைக்கு 88 வயது, அவரைக் கேட்கலாமா, தொந்தரவா? (மன்னார்குடி வாசகி)

ப: இந்த இதழை மூடிவிட்டுக் கிளம்புங்கள் அம்மா. ராஜஸ்தானில் பாபூஜி என்ற நாட்டார் வீரதெய்வத்தின் கதையை நீளமான ஒரு துணியில் வரைந்து வைத்திருக்கிறார்கள். கதை வரிசைப்படி அதில் படம் இருக்காது, முன்னுக்குப் பின்னாக இருக்கும். ராத்திரியில் போபா எனப்படும் பூசாரிப் பாடகர் பாடிக்கொண்டே காட்ட, அவர் மனைவி விளக்கைப் பிடிக்க, வெளிச்சம் விழும் இடம்தான் அந்த நேரத்துக் கதை. பாடுகிறவர் இல்லாவிட்டால் அது வெறும் துணி. உங்கள் கட்டும் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் யமமோட்டோ என்ற சிற்றூரில் சேற்றிலிருந்து எடுத்த ஏறக்குறைய 7.5 லட்சம் படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி, காயவைத்து, சொந்தக்காரர்கள் வந்து தேடிக்கொள்ளட்டும் என்று வைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு பாடு இல்லை, ஒரு பென்சில் போதும். அழுத்தாமல், ஓரமாக, படத்தின் பின்பக்கம் எழுதுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், மை ஊறும், தடம் முன்பக்கம் எழும்பும். பெயர் மட்டும் போதாது, யாருக்கு என்ன முறை, எந்த வீட்டுத் திண்ணை, யார் எடுத்தது என்றும் கேளுங்கள், போன் ரெக்கார்டரையும் ஓடவிடுங்கள், ஏனென்றால் அத்தை பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தமாட்டார், அந்தாள் எவ்வளவு கடன் வைத்துவிட்டுப் போனார் என்பது வரை வரும். அவருக்கும் அடையாளம் தெரியாத படங்களில் ‘அத்தைக்குத் தெரியவில்லை’ என்று தேதியோடு எழுதி வையுங்கள்.