அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை நெருங்கியதும் திருநெல்வேலி மாவட்டப் பாபநாசம் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். பிறந்ததிலிருந்து அம்பாசமுத்திரம் பக்கமே இருப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி: ஆறு வயதுப் பையனால் ஏற முடியுமா அண்ணாச்சி?

தாராளமாக ஏறுவான் தங்கச்சி. அகத்தியர் அருவிக்குப் பக்கத்தில் வரைக்கும் வண்டி போகும். அங்கிருந்து கல்யாண தீர்த்தத்துக்குப் படிக்கட்டுதான். உட்கார்ந்து உட்கார்ந்து போனாலும் அரை மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம். மழை பெய்திருந்தால் மட்டும் படியில் பாசி வழுக்கும், பையன் கையை விடாதீர்கள். அது புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை சில நாட்களில் வழியை அடைத்துவிடும். சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு போங்கள்.

கோவில்பட்டி நண்பர்: பொதிகை மலை ஏறுவது இதுதானா?

இல்லை. பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம், கேரளாவில் போனக்காடு வழியாக ஏறுவார்கள். குழந்தைகளோடு போகிற இடம் இல்லை அது. அப்புறம், பாணதீர்த்தம் என்பதும் வேறு அருவி, காரையாறு அணைக்கு மேலே இருக்கிறது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

தூத்துக்குடித் தம்பி: கல்யாண தீர்த்தத்தில் குளிக்கலாமா?

கூடாது தம்பி. குளியல் எல்லாம் கீழே அகத்தியர் அருவியோடு சரி. குற்றாலம் வறண்டு கிடக்கும் மாதங்களில்கூட இங்கே தண்ணீர் விழும். மேலே இருப்பது கசம், அதாவது ஆழமான மடு. பாறைக்கு நடுவே கரும்பச்சையாக, அசையாமல் கிடப்பதுபோல் தெரியும். ஒரு சருகு விழுந்தால் கவனித்துப் பாருங்கள்: முதலில் சும்மா மிதக்கும், பிறகு மெதுவாகத் திரும்பும், திடீரென்று ஒரே இழுப்பாகப் போய்விடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அடிவயிறு கலங்கும்.

சென்னையிலிருந்து ஓர் ஆசிரியர்: வ.வே.சு. ஐயர் இறந்த இடம் அதுதானே? மாணவர்களுக்கு என்ன சொல்லலாம்?

அதேதான் ஐயா. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

1925 ஜூன் மாதம். ஐயர் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்திலிருந்து வந்திருந்தார்கள். நீரோட்டத்தைக் கடக்கப் போன மகள் சுபத்திரை தவறி விழுந்தாள். காப்பாற்ற இறங்கிய ஐயரையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அவருக்கு அப்போது 44 வயது. லண்டனில் புரட்சிக்காரர்களோடு இருந்தவர், போலீஸ் கையில் சிக்காமல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர், குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், பெல்லாரிச் சிறையில் உட்கார்ந்து கம்பனைப் பற்றி எழுதியவர். அப்படிப்பட்ட மனிதரின் கதை இந்தக் கசத்தோடு முடிந்தது.

குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதால் எழுந்த பெரிய சண்டையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அன்றைக்குக் காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்பதுதான் என் கருத்து. ஆனாலும் மகளுக்காகத் தண்ணீரில் இறங்கிய அந்தத் தகப்பனை நினைக்காமல் என்னால் அங்கே நிற்க முடிவதில்லை. பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியட்டும்.

திருப்பூர் அக்கா: 'கல்யாண' தீர்த்தம் என்று ஏன் பெயர்?

கயிலாயத்தில் சிவன் பார்வதி கல்யாணத்துக்கு உலகமே திரண்டு வடக்கு தாழ்ந்துவிட்டதாம். சமன் செய்யத் தெற்கே அனுப்பப்பட்ட அகத்தியருக்கு இங்கே கல்யாணக் கோலத்தில் காட்சி கொடுத்தார்கள் என்பது தலபுராணம். மேலே அகத்தியருக்கும் லோபாமுத்திரைக்கும் சன்னிதி இருக்கிறது.

அதே அக்கா: அந்தப் பக்கம் ஒரு பழைய மில் இருக்கிறதே?

ஹார்வி சகோதரர்கள் 1880களில் தொடங்கிய நூற்பாலை அது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே ஓட்டினார்கள். விக்கிரமசிங்கபுரம் ஊர் வளர்ந்ததே அந்த மில்லால்தான்.

நாகர்கோவில் நண்பர்: சாப்பாடு கொண்டுபோகலாமா?

குரங்குகள் சும்மா விடாது. பையின் ஜிப்பை இழுத்துத் திறப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டை வண்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பையைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். சோப்பு, ஷாம்பூ வேண்டவே வேண்டாம், இந்தத் தாமிரபரணித் தண்ணீரைத்தான் தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறோம்.

ஈரோட்டிலிருந்து: அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அவர்கள் என்ன செய்வது?

பாபநாசநாதர் கோயிலில் இருக்கட்டும். நவகைலாயம் என்கிற ஒன்பது சிவன் கோயில்களில் முதல் கோயில் அது. உலகம்மை சன்னிதி முன்னால் உரல் இருக்கும், பெண்கள் அதில் மஞ்சள் இடிப்பார்கள். அம்மாவும் இரண்டு இடி இடிக்கட்டும். எதிரே படித்துறையில் பொரி போட்டால் மீன்கள் கூட்டமாக மொய்க்கும். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். அந்தத் துணிகளை வண்டி வண்டியாக அள்ள வேண்டியிருக்கிறது. கடைசிப் படி வழுக்கும், அதனால் நீங்கள் ஏறி இறங்கும் வரைக்கும் வீட்டு ஆள் ஒருத்தர் அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும்.