வாசகர் கேள்வி பதில்: கும்பிடுபூச்சிக் கூடு

கேள்வி: எங்கள் தேசி மரக் கொப்பில் காய்ந்த சவர்க்கார நுரை போல ஒன்று ஒட்டியிருந்தது. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு என்று அம்மம்மா சொன்னா. போத்தலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். குஞ்சு பொரிக்குமா?
— மாணவி, கோண்டாவில்

பதில்: முதலில் மூடியைக் கழற்றுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் ஈரம் தேங்கிக் கூட்டில் பூஞ்சணம் பிடிக்கும். போத்தலை வெயிலில் வைத்தாலோ முட்டைகள் அவிந்துபோகும்.

அடுத்து, கூட்டைத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் குண்டூசித் தலையளவு வட்டத் துளைகள் தெரிந்தால், ஒட்டுண்ணிக் குளவிகள் முட்டைகளைத் தின்று வெளியேறிவிட்டன. ஆனாலும் எறிய வேண்டாம், தப்பிய முட்டைகள் இருக்கலாம். கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் துளை போடுவதில்லை. கூட்டின் நடுவே தையல் போட்டதுபோல ஓடும் கோட்டின் வழியாகத்தான் வரும். அதில் பசையோ நாடாவோ படக்கூடாது.

5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டுங்கள். நுளம்பு வலை உதவாது; புதுக்குஞ்சு அதன் கண்ணுக்குள்ளால் போய்விடும். கூட்டைக் கொப்போடு, மரத்தில் இருந்த வாக்கிலேயே நூலில் தொங்கவிடுங்கள். கீழே 5 சென்ரிமீற்றராவது வெற்றிடம் வேண்டும். குஞ்சுகள் வெளிறிய புழுக்கள்போல வழுகி இறங்கி, மெல்லிய இழையில் தொங்கியபடியே முதல் தோலைக் கழற்றும். அந்த நேரம் போத்தலை அசைக்காதீர்கள்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உட்சுவரில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். வரட்சி கூடினால் குஞ்சு தோலுக்குள்ளேயே சிக்கிச் சாகும். எறும்பு ஏறாதிருக்கப் போத்தலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள்.

எங்கள் வெக்கைக்கு மின்குமிழ்ச் சூடு தேவையில்லை. முட்டையிட்டு 3 முதல் 6 கிழமைக்குள் பெரும்பாலும் பொரிக்கும். இட்ட நாள் தெரியாததால் இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கு மேலும் வரலாம். எல்லாவற்றையும் வைத்திருக்க ஆசைப்பட வேண்டாம், ஒன்றையொன்று தின்றுவிடும். நாலைந்தைத் தனித்தனிப் போத்தலில் வைத்து, மற்றவற்றை மருந்தடிக்காத கத்தரி, மிளகாய்க் கன்றுகளில் செடிக்கு ஒன்றிரண்டாக விடுங்கள். வைத்திருப்பவற்றுக்கு மறுநாளிலிருந்து பழ ஈயும் அழுக்கணவனும் கொடுக்கலாம். கனிந்த கதலிப்பழத்தைத் திறந்த ரின்னில் வைத்தால் பழ ஈ தானே வந்து சேரும்.

கேள்வி: நான் வளர்க்கும் குஞ்சுகள் தோலுரிக்கும்போது விழுந்து, கால் வளைந்து சாகின்றன. ஏன்?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: பிடிமானம் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். குஞ்சு தலைகீழாகத் தொங்கித்தான் தோல் உரிக்கும். வழுவழுப்பான பிளாஸ்ரிக் மூடியில் கால் நிற்காது. மூடிக்குப் பதில் துணி கட்டி, அதிலிருந்து கீழே குஞ்சின் நீளத்தைப் போல மூன்று மடங்கு உயரமாவது விடுங்கள். இரை எடுக்காமல் ஓரிடத்திலேயே தொங்கினால் உரிக்கப்போகிறது என்று அர்த்தம். உடனே உள்ளே இருக்கும் இரையை எடுத்துவிடுங்கள். புதுத்தோல் இறுகும்வரை குஞ்சால் தன்னைக் காக்க முடியாது, ஒரு சின்ன வெட்டுக்கிளிகூட அதைக் கடித்துவிடும். உரித்த மறுநாள் இரை போட்டால் போதும்.