விமானம் ஏறும் முன் உட்கார்ந்து பீட்சா சாப்பிடலாமா?

விமான நிலையத்திலேயே உட்கார்ந்து பீட்சா சாப்பிட்டுவிட்டு ஏறுவதா, இல்லை விமானத்தில் எதையாவது வாங்கிக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம் இருந்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வேலூரில் இருந்து மீனம்பாக்கம் போக எப்படியும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்கிறோம். வாலாஜா சுங்கச்சாவடியில் வரிசை இருக்கும், ஸ்ரீபெரும்புதூரில் லாரி நிற்கும் என்று பயந்து விடியும் முன்பே கிளம்பிவிடுவோம். சாலை காலியாக இருந்துவிட்டால், சோதனையெல்லாம் முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். அதற்குள் வயிறு பசித்துவிடும்.

போன வருடம் அப்பாவை டெல்லிக்கு அழைத்துப் போனேன். அவருக்கு முதல் விமானப் பயணம். சத்துவாச்சாரியில் காபி மட்டும் குடித்துவிட்டு வந்தவர், மேஜையில் பீட்சா வந்ததும் ஓரத்தைப் பரோட்டா பிய்ப்பது போலப் பிய்த்து, நடுவில் தக்காளி தேங்கியிருந்த இடத்தில் தொட்டுச் சாப்பிட்டார். சீஸ் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டே, "உட்கார்ந்து சாப்பிட்டாதாம்மா சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றார். காலையில் இருந்த படபடப்பு அவர் முகத்தில் அப்போதுதான் குறைந்தது. பில் 700 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. அதிகம்தான், ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்குக் கொடுத்ததாகவே நினைக்கிறேன்.

மிச்சம் இரண்டு துண்டைக் கட்டி வாங்கிக்கொண்டோம். வானத்தில் போகும்போது ஒன்றைக் கடித்துவிட்டு, உப்பு குறைகிறதே என்றார். அது சமைத்தவர் குறையில்லை. விமானத்துக்குள் காற்று வறண்டு கிடக்கும், அழுத்தமும் குறைவு. இரண்டும் சேர்ந்து உப்பையும் இனிப்பையும் நாக்குக்கு மங்கலாக்கிவிடுகின்றன. அதனால்தான் எந்தச் சாப்பாடும் தரையில் சாப்பிடுவது போல அங்கே ருசிப்பதில்லை.

அளவுதான் முக்கியம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்றது, கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் இருக்கும் காற்றும் அப்படித்தான் விரியும். முன்பு ஒருமுறை தனியாக ஒரு முழு பீட்சாவையும் பெரிய டம்ளர் கோலாவையும் முடித்துவிட்டு ஏறி, இறங்கும் வரை நெளிந்திருக்கிறேன். இரண்டு பேருக்கு ஒன்று போதும். மாவு மெல்லியதாக இருக்கட்டும். சோடா வகை எதுவும் வேண்டாம், தண்ணீர் குடியுங்கள்.

அப்புறம் நேரக் கணக்கு. உள்நாட்டு விமானம் என்றால் புறப்பட 25 நிமிடம் இருக்கும்போதே பெரும்பாலும் கேட்டை மூடிவிடுவார்கள். முதலில் உங்கள் கேட் எங்கே இருக்கிறது என்று நடந்து பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே கடை தேடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டு, பில்லையும் அப்போதே கட்டிவிடுங்கள். விமான விவரம் ஓடும் திரை கண்ணில் படுகிற மாதிரி உட்காருங்கள், எல்லா இடத்திலும் மைக்கில் கூப்பிடுவதில்லை. புறப்பட ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் பீட்சாவை விட்டுவிடுங்கள். ஒரு தட்டு இட்லி சீக்கிரம் வந்துவிடும்.