டென்னிஸ் ராக்கெட்டில் எடை கூட்டலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என்னுடையது 285 கிராம் ராக்கெட். எதிராளி வேகமாக அடித்தால் கையிலேயே திருகிக்கொள்கிறது. லெட் டேப் (ஈயத்தாலான ஒட்டுப்பட்டை) ஒட்டினால் போதுமா, புது ராக்கெட் வாங்க வேண்டுமா?

முதலில் ஒட்டிப் பாருங்கள். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் படும்போதுதான் ராக்கெட் திருகும். அதைத் தடுக்க எடை ஹெட்டின் இரு பக்கமும், கடிகாரக் கணக்கில் 3 மணி, 9 மணி இடங்களில் சேர வேண்டும். கால் அங்குல அகல டேப் 4 அங்குலம் வெட்டினால் சுமார் 1 கிராம். அப்படி நான்கு துண்டுகள் எடுத்து, ஃபிரேமின் உள்பக்கத்தில், ஸ்டிரிங்கின் இருபுறமும் ஒவ்வொன்றாக, 3 மணியில் இரண்டும் 9 மணியில் இரண்டும் ஒட்டுங்கள். ஒட்டும் முன் ஃபிரேமை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் வியர்வைப் பிசுக்கில் டேப் உரிந்து வரும். ஒட்டியபின் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேயுங்கள்.

இந்த 4 கிராமுக்கு ஸ்விங் வெயிட் (சுழற்றும்போது உணரும் கனத்தின் அளவு) ஏறத்தாழ 7 புள்ளி கூடும். கேட்கச் சின்ன எண்தான், கைக்கு நன்றாகவே தெரியும். புத்துணர்ச்சியோடு ஆடும் முதல் அரைமணியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். களைத்தபின் ஃபோர்ஹேண்ட் தாமதமாகிறதா என்று பாருங்கள். தாமதமானால், பக்கத்துக்கு ஒரு துண்டை உரித்துவிடுங்கள்.

ஹெட் நுனியில் ஒட்டினேன். பேலன்ஸ் (ராக்கெட் சமமாக நிற்கும் புள்ளி) முன்னால் போய்விட்டதால் கைப்பிடியிலும் எடை சேர்த்தேன். பேலன்ஸ் பழையபடி வந்தும் சுழற்றக் கனமாகவே இருக்கிறதே?

பலரும் இடறும் இடம் இது. ஸ்விங் வெயிட்டை, கைப்பிடியின் அடிமுனையிலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள அச்சை வைத்து அளப்பார்கள். அந்த அச்சிலிருந்து எடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஸ்விங் வெயிட் ஏறும். நுனியில், அதாவது 12 மணியில், 1 கிராம் ஒட்டினால் 3 புள்ளிக்கு மேல். 3, 9 மணியில் 2 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. கைப்பிடியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆகவே பட் கேப்பில் (கைப்பிடியின் அடிமூடியில்) எடை வைத்தால் பேலன்ஸ் பின்னால் வரும், ஆனால் நுனியில் ஏறிய ஸ்விங் வெயிட் ஒரு புள்ளிகூட இறங்காது. 300 கிராம், 32 செ.மீ. பேலன்ஸ் உள்ள ராக்கெட்டின் நுனியில் 4 கிராம் ஒட்டினால் பேலன்ஸ் சுமார் 5 மி.மீ. முன்னால் நகரும். அதை ஈடுகட்ட அடிமுனையில் நாலரை கிராம் வேண்டும். மொத்தம் எட்டரை கிராம் ஏறியிருக்கும்! கனம் உறுத்தினால் நுனி டேப்பைக் குறையுங்கள், கைப்பிடியைத் தொட வேண்டாம்.

எடை கூட்டக் கைப்பிடிக்குள் சிலிகோன் நிரப்பலாமா?

கைப்பிடி உள்ளே கூடாக இருந்தால் மட்டும். ஃபோம் அடைத்த மாடல்களில் இடமே இருக்காது. நிரப்பிவிட்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு என்பதால், அதே எடைக்கு டேப்பை கிரிப்பின் அடியில் சுற்றிச் சில வாரம் ஆடிப் பார்த்த பிறகே செய்யுங்கள். சிலிகோன் மேலே ஏறாதபடி பஞ்சு அடைத்து, கைப்பிடி கீழே இருக்குமாறு நிறுத்தி, முழுதாக இறுகும்வரை விடுங்கள். ஒரு நாளாவது ஆகும்.

ஒரே மாடலில் இரண்டு ராக்கெட் வாங்கினேன். ஆடும்போது இரண்டும் வேறு வேறாகத் தெரிகின்றன. பிரமையா?

பிரமை இல்லை. தயாரிப்பிலேயே சில கிராம், சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். இங்கேதான் எடை சேர்ப்பதற்கு முழுப் பலன் கிடைக்கிறது என்பேன்.

இரண்டிலும் ஒரே ஸ்டிரிங், ஒரே டென்ஷன், ஒரே கிரிப் இருக்க வேண்டும். டேம்ப்னரை (ஸ்டிரிங்கில் மாட்டும், அதிர்வு குறைக்கும் துண்டு) கழற்றி 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். பிறகு உருளைப் பென்சில்மேல் குறுக்காக வைத்து, சமமாக நிற்கும் புள்ளி அடிமுனையிலிருந்து எத்தனை செ.மீ. என்று அளந்துகொள்ளுங்கள். கனமானது 318 கிராம், 32.8 செ.மீ.; லேசானது 313 கிராம், 32.4 செ.மீ. என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எடையைப் பேலன்ஸால் பெருக்கினால் 10430.4, 10141.2. வித்தியாசம் 289.2. அதை 5 கிராமால் வகுத்தால் 57.8. ஆக, லேசான ராக்கெட்டில் அடிமுனையிலிருந்து சுமார் 58 செ.மீ. தூரத்தில், 3, 9 மணிக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு இரண்டரை கிராம் ஒட்ட வேண்டும். விடை ராக்கெட்டின் நீளமான 68.5 செ.மீ.யைத் தாண்டினாலோ மைனஸில் வந்தாலோ ஒரே இடத்தில் ஒட்டிச் சமன் செய்ய முடியாது. இரண்டிலுமே எடை சேர்க்க வேண்டிவரும். எடையும் பேலன்ஸும் ஒத்துப்போனாலும் ஸ்விங் வெயிட் மாறியிருக்கலாம். ஸ்டிரிங் கட்டும் கடையில் கருவி இருந்தால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

போட்டியில் தடை உண்டா? மகனுக்கு 10 வயது. முன்னாள் டென்னிஸ் சாம்பியன் பீட் சாம்பிராஸ் லெட் டேப் ஒட்டியதைப் படித்துவிட்டு அவனும் கேட்கிறான்.

ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) விதியில் எடையைப் பகிர்ந்தமைக்க ஃபிரேமில் டேப் ஒட்ட அனுமதி உண்டு. ராக்கெட்டுக்கு எடை உச்சவரம்பும் கிடையாது. மகனுக்கு வேண்டாம். அவன் வளர வளர ராக்கெட்டே மாறும்.

ஈயம் விஷமாயிற்றே?

ஆம். ஒட்டியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டேப்பின்மேல் எலக்ட்ரிகல் டேப் ஒட்டி மூடுங்கள். 12 மணியில் என்றால் பம்பர் கார்டுக்கு (ஹெட் நுனியைக் காக்கும் பிளாஸ்டிக் பட்டை) அடியில் ஒட்டலாம். வெட்டிய துண்டுகளைச் சமையலறையில் போடாதீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், விலை கூடினாலும் டங்ஸ்டன் டேப் வாங்குங்கள்.