டச்சு மொழியின் நீளமான கூட்டுச் சொற்களை எங்கே பிரிப்பது?

கேள்வி இதுதான்: "டச்சு கற்க ஆரம்பித்திருக்கிறேன். முப்பது எழுத்துக்கு மேல் நீளும் சொற்களைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. அவற்றை எப்படிப் பிரித்து வாசிப்பது?"

பின்னாலிருந்து வாசியுங்கள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

அப்போது வீட்டுக்கு வந்த ஒரு கடிதத்தின் தலைப்பில் ஒரே ஒரு சொல் இருந்தது: ஆர்பைட்ஸ்ஒன்ஹஸ்ஹிக்ட்ஹைட்ஸ்வர்ஸேகரிங். டச்சில் எழுதினால் 33 எழுத்து, 10 அசை. பென்சிலை எடுத்துக் கடைசியிலிருந்து கோடு போட்டேன். 'வர்ஸேகரிங்' என்றால் காப்பீடு. அதற்கு முன்னால் 'ஒன்ஹஸ்ஹிக்ட்ஹைட்', தகுதியின்மை. எல்லாவற்றுக்கும் முன்னால் 'ஆர்பைட்', வேலை. ஆக, வேலை செய்ய முடியாமல் போனால் கைகொடுக்கும் காப்பீடு. கடைசித் துண்டு பிடிபட்டதுமே பாதி பயம் போய்விட்டது. மற்ற துண்டுகள் எல்லாம் அது எந்தக் காப்பீடு என்று சொல்ல வந்தவைதான்.

கூட்டுச் சொல்லின் இலக்கணமும் அந்தக் கடைசிச் சொல்லின் கையில்தான். டச்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால், ஆங்கிலத்தின் 'the' போல, 'டெ' அல்லது 'ஹெட்' வரும். மேசை 'டெ டாஃபல்', துணி 'ஹெட் க்ளேட்'. இரண்டும் சேர்ந்து மேசைவிரிப்பு ஆனால் 'ஹெட் டாஃபல்க்ளேட்'. மேசையின் 'டெ' காணாமல் போய்விடும்.

என் காப்பீட்டுச் சொல்லில் இரண்டு துண்டுகளுக்குப் பின்னால் ஒரு 'ஸ்' ஒட்டியிருந்ததைக் கவனித்தீர்களா? அதற்குப் பொருள் கிடையாது. மரம், கிளை சேர்ந்து மரத்துக்கிளை ஆகும்போது நடுவில் 'அத்து' வருகிறதே, அந்த மாதிரி ஒரு சாரியை. எங்கே வரும், எங்கே வராது என்பதற்கு முழுமையான விதி இல்லை. 'ஸ்டாட்' என்றால் நகரம். நகரப் பூங்கா 'ஸ்டாட்ஸ்பார்க்'. நகர மன்றக் கட்டடமோ வெறும் 'ஸ்டாட்ஹௌஸ்'. காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இன்னொரு சாரியை 'என்'. டச்சுக்காரர்களின் பான்கேக்கை முன்பு 'பன்னெகூக்' என்று எழுதினார்கள். 1995-ல் வந்த எழுத்துமுறைத் திருத்தம் நடுவில் ஒரு 'ன்' சேர்த்து 'பன்னென்கூக்' ஆக்கியது. பெரும்பாலோர் பேச்சில் அந்த 'ன்' ஒலிப்பதே இல்லை! ஆனால் வெயிலைக் குறிக்கும் 'ஸொன்னெஸ்ஹைன்' என்ற சொல்லில் அதைச் சேர்க்கக் கூடாது. காரணம், சூரியன் ஒன்றுதானே. எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு இது.

சரி, அசைக்கு வருவோம். சாதாரணச் சொல்லில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது அடுத்த அசைக்குப் போகும்: தண்ணீர், 'வா-டர்'. கூட்டுச் சொல்லில் அதற்கு முன்பே மூட்டு, அதாவது இரண்டு சொற்கள் சேரும் இடம், எது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். இரவு உணவு 'ஆவொன்ட்ஏடன்'. சாதாரண விதியை மட்டும் நம்பினால் 'ஆ-வொன்-டே-டன்' என்று வெட்டுவோம். ஆனால் 'ஆவொன்ட்' மாலை, 'ஏடன்' உணவு. எனவே 'ஆ-வொன்ட்-ஏ-டன்' என்பதே சரி. மூட்டில் உயிரெழுத்துகள் மோதிக் குழப்பினால் நடுவில் சிறு கோடு போடுவார்கள். கடல்வாத்தைக் குறிக்கும் 'ஸே-ஏன்ட்' அப்படித்தான்.

சில சொற்களில் மூட்டு இரண்டு இடத்தில் இருக்கலாம். பிரிக்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும் நம் பிரிமொழிச் சிலேடை மாதிரிதான். 'க்வார்ட்ஸ்லாஹன்' என்பதை 'க்வார்ட்-ஸ்லாஹன்' என்று பிரித்தால் கால்பங்குச் சுற்றுகள். 'க்வார்ட்ஸ்-லாஹன்' என்றால் குவார்ட்ஸ் பாறையின் அடுக்குகள். எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை. திருகாணியைப் பற்றிய பத்தியா, பாறையைப் பற்றிய பத்தியா என்று பார்த்த பிறகுதான், வரி முடிவில் அந்தச் சொல்லை எங்கே உடைப்பது என்று முடிவு செய்ய முடியும்.