மகனை ஹோமில் சேர்க்கச் சொல்லும் உரிமை குடியிருப்போர் சங்கத்துக்கு உண்டா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, ஆட்டிசம் உள்ளவன். தினமும் மாலையில் எங்கள் அடுக்ககத் தோட்டத்தில் என்னோடு நடப்பான். சந்தோஷம் வந்தால் கைகளை உதறிச் சத்தம் போடுவான், யாரையும் தொட்டதில்லை. "குழந்தைகள் பயப்படுகிறார்கள், இனி தோட்டத்துக்கு அழைத்து வராதீர்கள், ஏதாவது ஹோமில் சேருங்கள்" என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவனுக்குச் சட்டப்படி காப்பாளராக ஆகாமல் நான் எதுவும் செய்ய முடியாது என்கிறார் உறவினர். உண்மையா?

பதில்: இல்லை அம்மா. சங்கம் சொல்வதும் சரியில்லை, உறவினர் சொல்வதும் சரியில்லை. இந்தக் கடிதத்துக்காக உங்கள் மகன் ஒரு நாள்கூட வீட்டுக்குள் இருக்க வேண்டியதில்லை. நாளை மாலையும் அழைத்துப் போங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 5-ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது அவர்களின் உரிமை என்கிறது. இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆகவே, ஹோமில் சேருங்கள் என்று சொல்லும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. "இதெல்லாம் அரசு அலுவலகங்களுக்குத்தான்" என்று நிர்வாகிகள் சொல்லக்கூடும். தனியார் நிறுவனம் என்பதற்கு இந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் சங்கங்களும் வருகின்றன என்பதைப் பதில் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

அந்தப் பதில் கோபமில்லாமல் இருக்கட்டும். ஆட்டிசம் என்றால் என்ன, அவன் போடும் சத்தம் எதனால் என்று நாலு வரி எழுதுங்கள். பயம் பெரும்பாலும் தெரியாததால் வருவது. அந்தக் குழந்தைகளுக்கு விளக்கிச் சொன்னால் பெரியவர்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள். அப்புறம், கடிதத்தை 15 நாளில் திரும்பப் பெறும்படி கேளுங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சமரசம் என்று சொல்லி, ஆள் இல்லாத நேரத்தில் வரட்டும் என்பார்கள். கூட்டம் குறைவாக இருப்பது உங்கள் மகனுக்கே பிடிக்கும் என்றால் சரி, அது அவன் சௌகரியம். மற்றவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எதிலும் கையெழுத்தும் போடாதீர்கள். இந்த இடத்தில் பல பெற்றோர் சண்டை வேண்டாம் என்று இறங்கிப்போகிறார்கள். அடுத்து லிஃப்ட், அதற்கடுத்து விழா என்று அது நீளும்.

சங்கம் அசையவில்லையா? மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுங்கள். கடிதம், உங்கள் பதில், மகனின் மாற்றுத்திறன் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் போதும். விசாரணையில் ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. பலர் பார்க்கும் இடத்தில் யாராவது அவனை வேண்டுமென்றே இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ அது அதே 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அப்படி நடந்தால் நேராகக் காவல் நிலையம் போகலாம்.

இனி காப்பாளர் விஷயம். 18 வயது முடிந்த மகனுக்குப் பெற்றோர் தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை, அதுவரை உறவினர் சொன்னது சரி. ஆனால் அவன் உரிமைக்காக நீங்கள் புகார் எழுதக் காப்பாளர் நியமன உத்தரவு தேவையில்லை. சொத்து, வங்கி போன்ற காரியங்களில் உண்மையிலேயே தேவை வந்தால், தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி உங்கள் மாவட்ட உள்ளூர் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். காப்பாளர் தேவையா, எதற்கெல்லாம் தேவை என்பதை அந்தக் குழு பார்க்கும். நியமனமானால் 6 மாதத்துக்குள் அவன் சொத்துப் பட்டியலையும், பிறகு ஆண்டுதோறும் கணக்கையும் கொடுக்க வேண்டும். மனுப் போடுவதற்கு முன் அவனுக்குப் புரியும் விதத்தில், படம் காட்டியாவது, விஷயத்தைச் சொல்லி அவன் விருப்பத்தைக் கேளுங்கள்.